நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில் போய்ப் பேசத் தயக்கமா? எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்

கோலாலம்பூரில் தொழில் நிகழ்ச்சிகள் நடத்தும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் என்னைப் பதிவு மேசையில்தான் உட்கார வைப்பார்கள். பெயரைக் கேட்டு, அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்து, உள்ளே அனுப்பிவிட வேண்டியது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மண்டபம் முழுக்கத் தெரியும். யார் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்பதும் தெரியும்.

தயங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தயங்குவதில்லை. ஒருவருக்குக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. இன்னொருவர் கலகலப்பாகப் பேசி, கை நிறைய கார்டு வாங்கிப் போவார். மறுநாள் ஒரு வாட்ஸ்அப் அனுப்ப அவருக்குக் கை வராது. இந்த இரண்டு பேருக்கும் "கொஞ்சம் தைரியமா இருங்க" என்று ஒரே புத்திமதியைச் சொல்லி என்ன பயன்? சிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும். பல பேருக்கு, வரும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் மாற்றினாலே பாதி தீர்ந்துவிடுகிறது.

உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: காரை நிறுத்திவிட்டேன், இறங்க மனம் வரவில்லை

முதலில் மணியைப் பாருங்கள். அழைப்பில் 6.30 என்று போட்டிருக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் ஜாலான் துன் ரசாக்கிலும் அந்த நேரத்து நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வந்து சேரும்போது 7.30 ஆகிவிடும். அதற்குள் ஆட்கள் மூன்று மூன்று, நான்கு நான்கு பேராகக் கூடி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மண்டபத்துக்குள் தனியாக நுழைய யாருக்குத்தான் கூச்சம் இருக்காது?

சீக்கிரம் வாருங்கள், அவ்வளவுதான். முதல் கால் மணி நேரத்தில் வருகிறவர்களும் தனியாகத்தான் வருவார்கள். பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருப்பார்கள். கேஎல்சிசி மாநாட்டு மையம் மாதிரி இடமென்றால் எல்.ஆர்.டி-யில் வந்துவிடுங்கள்; கேஎல்சிசி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கார்தான் என்றால் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, கீழே ஒரு தே தாரிக் குடித்துக்கொண்டு மின்னஞ்சல் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

அப்புறம், பதிவு மேசையில் இருப்பவர்களிடம் வாயைத் திறந்து கேளுங்கள். "நான் லாஜிஸ்டிக்ஸ் செய்றேன். ஏற்றுமதி செய்றவங்க யாராவது வந்திருந்தா சொல்லுங்களேன்" என்றால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வோம், கையோடு கூட்டிக்கொண்டு போய் அறிமுகமும் செய்துவைப்போம். பெயர்ப் பட்டியல் எங்கள் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர்கள் அபூர்வம். கழிவறை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

சீக்கிரம் வர முடியவே இல்லை என்றால், இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மக்ரிப் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.40-க்கும் இடையில்தான் வரும். அப்போது மலாய் நண்பர்களில் பலர் சூரா என்னும் தொழுகை அறைக்குப் போய்விடுவார்கள். கூட்டம் திடீரென்று கலையும், திரும்பி வந்ததும் புதிதாகக் கூடும். அந்த மறு கூடல்தான் தாமதமாக வந்தவருக்கு வாசல். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நகர்ந்தால், உங்கள் பேச்சு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: உள்ளே வந்தேன், தூணோரம் போனைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறதா? 2000-ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்குச் சங்கடமான டி-சட்டையை மாட்டி, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையில் யார் படம் என்பதைக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய அதில் பாதிதான். பதிவு மேசையிலிருந்து பார்க்கும் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. தனியாக நிற்பவரை மண்டபத்தில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் நான் கவனிக்கிறேன்.

தூணைவிட்டு நகருங்கள். வாசல் பக்கமும் வேண்டாம், வருகிறவர்கள் அங்கே அவசரத்தில் இருப்பார்கள். காப்பி, தே வைத்திருக்கும் மேசையில் கோப்பையை எடுத்துக்கொண்டு ஆட்கள் திரும்புகிற முனை இருக்கிறதே, அங்கே நில்லுங்கள். கையில் கோப்பை வந்துவிட்டது, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஒரு நொடி நிற்பார்கள். அந்த நொடியில் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

நின்றுகொண்டே சாப்பிடும் உயரமான மேசைகள் அதைவிட நல்லவை. யாராவது ஒருவர் தனியாக நிற்கும் மேசையைப் பார்த்து, "இங்க வைக்கலாமா?" என்று தட்டை வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. தட்டை இடது கையில் பிடியுங்கள், வலது கை காலியாக இருக்கட்டும். குவே பலகாரத்தையும் கறிபாப்பையும் முள்கரண்டியால் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒருவர் கைகுலுக்க வரும்போது நீங்கள் எண்ணெய்க் கையோடு காகிதம் தேடிக்கொண்டிருப்பதைவிடச் சங்கடம் வேறில்லை. சாத்தே குச்சியை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

அறிகுறி: வட்டமாக நிற்கிறார்கள், உள்ளே எப்படி நுழைவது என்று தெரியவில்லை

அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் ஏமாற்றும். பாதங்களைப் பாருங்கள். ஆட்கள் கூடிப் பேசும்போது நடுவில் ஒரு பொது இடத்தை விட்டு அதைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதை ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நடு இடம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைப் பாதம் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு பேர் நேருக்கு நேர், காலணி நுனிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றால் விட்டுவிடுங்கள். அது தனிப் பேச்சு. அதே இரண்டு பேர் ‘ட’ வடிவத்தில், ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக நின்றால், எதிரே இடம் காலியாக இருக்கிறது. அது உங்களுக்கான இடமாக இருக்கலாம். தோளோடு தோள் சேர்த்து மேடையைப் பார்த்து நிற்கும் ஜோடி இன்னும் சுலபம். நான்கைந்து பேர் கூட்டத்தில் ஓரத்தில் ஒருவர் சிரிக்கவேண்டிய இடத்தில் மட்டும் சிரித்துக்கொண்டு, ஒரு பாதத்தை வெளியே திருப்பி வைத்திருப்பார். அவர்தான் உங்கள் ஆள். கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம், அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நின்ற பிறகு என்ன செய்வது? உடனே பெயரைச் சொல்லி, கார்டை நீட்டி, நடந்துகொண்டிருக்கும் பேச்சை வெட்டிவிடாதீர்கள். பேசுகிறவரைப் பார்த்துக் கேளுங்கள். யாராவது உங்களைப் பார்த்தால் தலையசையுங்கள். ஒரு சிரிப்போ ஒரு வாக்கிய முடிவோ வரும். அங்கே, அவர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தைப் பற்றியே ஒரு கேள்வி கேளுங்கள். "கிள்ளான் துறைமுகத்துல இப்பவும் அவ்வளவு தாமதமா?" என்பது மாதிரி. பெயர் தானாகப் பின்னால் வரும். யாரும் பாதத்தை நகர்த்தி இடம் விடவில்லையா? சரி, தண்ணீர் எடுக்கப் போகிறவர் மாதிரி நகர்ந்துவிடுங்கள். நீங்கள் வந்து நின்றதே அவர்களுக்கு நினைவிருக்காது.

மொழி விஷயமும் உண்டு. ஒரு கூட்டம் மாண்டரினில் பேசிக்கொண்டிருந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் போய் நின்று பாருங்கள், பெரும்பாலும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். இதை நாமும் செய்ய வேண்டும். நாம் நான்கு பேர் தமிழில் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சீனரோ மலாய்க்காரரோ ஓரமாக வந்து நின்றால், அவருக்கும் இதே நடுக்கம்தான்.

அறிகுறி: எதிரே போய் நின்றுவிட்டேன், முதல் வாக்கியம் வரவில்லை

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்க நமக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஏன்? இரண்டு பேரும் ஏன் அங்கே இருக்கிறோம் என்பதைத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது. அதே கேள்வியை இங்கே கேளுங்கள். "யார் மூலமா வந்தீங்க?" "இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" மலேசியாவில் இன்னொன்றும் தவறாமல் பலிக்கும்: "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) எந்த இனத்தவரானாலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் உண்டு.

எதிரே நிற்பவர் தமிழர் என்றால் பேச்சு இப்படித்தான் போகும்.

"வணக்கம் அண்ணே. நீங்க கேஎல்-தானா?"

"இப்ப செந்தூல்ல இருக்கேன் தம்பி. சொந்த ஊரு சுங்கை சிப்புட்."

"அப்படியா! எங்கம்மா அந்தப் பக்கம்தான். எந்தத் தோட்டம்?"

அவ்வளவுதான், தயக்கம் போன இடம் தெரியாது. எந்தத் தமிழ்ப்பள்ளி, எந்த வாத்தியார், அந்தக் கோயில் திருவிழா என்று அரை மணி நேரம் ஓடிவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பிரியும்போது அவர் என்ன தொழில் செய்கிறார் என்றே தெரிந்திருக்காது. ஊர்ப் பேச்சு இரண்டு மூன்று பதிலைத் தாண்டியதும், "அப்ப கேஎல்-க்கு எப்படி வந்தீங்க அண்ணே?" என்று கேளுங்கள். அந்தப் பதில் தானாகவே வேலைக்கு வந்து சேரும்.

உங்களைக் கேட்டால் பதவியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "அக்கவுண்டன்ட்" என்றால் "ஓ, நல்லது" என்பதோடு முடிந்தது. "சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். இ-இன்வாய்ஸ் வந்ததிலிருந்து தூக்கமே இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வந்த அந்த மின்னணு விலைப்பட்டியல் முறையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாத முதலாளி இந்த நாட்டில் இல்லை. கேட்பவர் பிடித்துக்கொள்ள உங்கள் பதிலில் ஒரு கொக்கி இருக்க வேண்டும்.

அறிகுறி: ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கோலாலம்பூர் மண்டபங்களில் யாரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. மலாயில் தொடங்குங்கள், தேவைப்பட்ட இடத்தில் ஆங்கிலம் வரட்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு வாக்கியமாக ஆங்கிலத்தில் தயார்செய்து, காரில் வரும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் சேராது.

நீண்ட காலத் தீர்வு வேண்டுமானால் டோஸ்ட்மாஸ்டர்ஸ். மேடைப் பேச்சுப் பழக 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இயக்கம், கோலாலம்பூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய கிளப்புகள் இருக்கின்றன. விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். அங்கே ‘டேபிள் டாப்பிக்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. தலைப்பை அந்த நேரத்தில்தான் கொடுப்பார்கள், ஓரிரு நிமிடம் பேச வேண்டும். தயாரித்த மேடைப் பேச்சைவிட இந்தப் பயிற்சிதான் நெட்வொர்க்கிங்குக்கு உதவும்.

அறிகுறி: டத்தோ நிற்கிறார், கிட்டே போகக் கால் வரவில்லை

எப்படி அழைப்பது என்ற குழப்பம் இதில் பாதி. அரச விருதுப் பட்டம் பெற்றவரைப் பெயர் சேர்க்காமல் "டத்தோ", "டான் ஸ்ரீ" என்று விருதைச் சொல்லியே அழைக்கலாம், அதுதான் வழக்கமும். டத்தோவின் மனைவி டத்தின், டான் ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ. ஆனால் பெண்கள் தாங்களே பெற்ற விருதால் டத்தோவாக இருப்பதும் உண்டு. ஆகவே டத்தின் என்று ஊகிக்காமல் பெயர் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதி, நேரம். மேடையிலிருந்து இறங்கியதும் படம் எடுக்க ஒரு கூட்டம் சூழும். அதில் இடித்துக்கொண்டு போய்ப் பயனில்லை. அவர் பேசுவதற்கு முன்னால், முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நல்ல நேரம். பலர் மரியாதை கருதி ஒதுங்கிப் போவதால் அவர் அப்போது தனியாகத்தான் இருப்பார். பெயர், தொழில், ஒரே ஒரு கேள்வி, நன்றி, நகர்ந்துவிடுங்கள். கூடவே வந்திருக்கும் உதவியாளரிடம் கார்டு கொடுக்க மறக்காதீர்கள். பிறகு சந்திப்புக்கு நேரம் ஒதுக்குவது அவர்தான்.

அறிகுறி: கூட வந்தவர்களைவிட்டு நகர முடியவில்லை

இது உலகம் முழுக்க இருக்கும் வியாதி. 2007-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இங்கிராமும் மோரிஸும் நிர்வாகிகளுக்கான ஒரு விருந்தில் மின்னணு அட்டைகளை மாட்டிவிட்டு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவுசெய்து வெளியிட்டார்கள். புதியவர்களைச் சந்திப்பதே முக்கியம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள், உள்ளே வந்ததும் தெரிந்தவர்களையே நாடிப் போயிருந்தார்கள்.

தீர்வு: நண்பரோடு ஒப்பந்தம் போடுங்கள். நீங்கள் அவரைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் உங்களைப் பற்றிச் சொல்லட்டும். "இவர் கையில குடுத்தா பழைய கட்டடமெல்லாம் வயரிங் புதுசா ஆயிரும்" என்று தன்னைப் பற்றித் தானே சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. நண்பனைப் பற்றி என்றால் தாராளமாக வரும்.

அறிகுறி: கை கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறுகிறேன்

எதிர்பாலினத்தவர், குறிப்பாக முஸ்லிம்கள் என்றால், அவர்கள் கை நீட்டும்வரை பொறுங்கள். நீட்டவில்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை குனியுங்கள். கார்டை இரண்டு கையாலும் கொடுங்கள். வாங்கியதும் ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வையுங்கள். பெண்களுக்கு ஒன்று: சொந்த எண்ணைக் கொடுக்க யோசனையாக இருந்தால் லிங்க்ட்இன் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிடுங்கள். இப்போதெல்லாம் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அறிகுறி: எப்படி விலகுவது என்று தெரியாததால் தொடங்கவே பயம்

2021-இல் வந்த ஓர் ஆய்வு, பேசும் இரண்டு பேரும் விரும்பிய நேரத்தில் உரையாடல் முடிவது மிக அரிது என்று கண்டது. எதிரே இருப்பவரும் எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். "உங்களை ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுட்டேன், இன்னும் நாலு பேரைப் பார்க்கணும்ல நீங்க" என்றால் இருவருக்கும் விடுதலை. கழிவறைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு அடுத்த மேசையில் நிற்காதீர்கள். மண்டபம் சின்னது.

அறிகுறி: காக்கா பிடிக்கிற மாதிரி இருக்கிறது

வேலை வேண்டும், வியாபாரம் வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டு சிரிப்பது பொய்யாகத் தோன்றுகிறது என்பார்கள். இந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். கேட்பதற்கு முன் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு நல்ல சப்ளையர் பெயர், வரப்போகிற டெண்டர் பற்றிய தகவல், ஆள் தேடுகிறவருக்கு ஆள். முதல் சந்திப்பில் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டால் அந்த உறுத்தலே எழாது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் வழியாகவே அதிகம் கிடைத்ததாகக் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே அரைகுறைப் பழக்கம் போதும், உறவாடி நடிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: நாட்கணக்கில் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வேலையையே தவிர்க்கிறேன்

இந்தப் பட்டியலில் இதற்கு மருந்து இல்லை. கூட்டத்தைக் கண்டு வரும் இந்த அளவு பதற்றத்துக்குச் சிகிச்சை உண்டு, பலன் தருவதும் உண்டு. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) மருத்துவரிடம் சொன்னால் உரிய பிரிவுக்கு அனுப்பிவைப்பார்.

அறிகுறி: நன்றாகப் பேசினேன், மறுநாள் மெசேஜ் அனுப்பக் கை வரவில்லை

வீட்டுக்குப் போனதும் "அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அவர் என்ன நினைத்திருப்பார்" என்று மனசு அரிக்கும். முன்பின் தெரியாதவர்கள் பேசிப் பிரிந்த பிறகு, தங்களை அடுத்தவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உங்களை அவருக்கு நீங்கள் நினைப்பதைவிடப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

கார்டின் பின்பக்கம், அன்றிரவே, அவர் சொன்ன ஒரு விஷயத்தை எழுதிவையுங்கள். மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறாள், ஷா ஆலாமில் புதுக் கிடங்கு தேடுகிறார், இப்படி ஏதாவது. மெசேஜ் அதிலிருந்து பிறக்கும்: "வணக்கம் சார், நேற்று தே மேசைப் பக்கம் பேசினோமே, கிடங்கு விஷயம். நான் சொன்ன ஏஜென்டின் எண் இதோ." அவ்வளவு போதும். நிறுவனத்தின் பன்னிரண்டு பக்க பிடிஎஃப்-ஐ இணைக்காதீர்கள். காலை வணக்கம் படங்கள் அனுப்பும் பட்டியலில் அவரைச் சேர்ப்பது அதைவிட மோசம்.

நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையா? இரண்டு வாரம் கழித்து, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும், இன்னொன்று அனுப்புங்கள். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் அவரைப் பார்த்தால் மெசேஜைப் பற்றிப் பேச்செடுக்காமல், கிடங்கு கிடைத்ததா என்று கேளுங்கள்.